வாசலைத் தாண்ட ஒரு காரணம் வேண்டும்

வயதானவர்களுக்கு அரசாங்கம் தருவது ஒவ்வொன்றாக வீட்டு வாசலுக்கே வந்துகொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிபி மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் ரேஷன் அரிசி வண்டியில் வந்து இறங்குகிறது. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயைக் கொடுக்க, பல ஊர்களில் வங்கிப் பிரதிநிதி கைரேகைக் கருவியோடு தெருவுக்கே வந்துவிடுகிறார். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு இவை பெரிய உதவி. ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்த பெரியவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பியவள் நான். அந்த அலைச்சல் திரும்ப வரவேண்டும் என்று மனசாட்சி உள்ள யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால், நடக்க முடிகிற முதியவர் என்ன செய்வார்? மாத்திரை வாசலுக்கு வருகிறது, அரிசி வருகிறது, பணம் வருகிறது. பிள்ளைகளின் குரலும் கைப்பேசியில் வந்துவிடுகிறது. அவர் எதற்காக வாசலைத் தாண்டுவார்? இந்தக் கேள்வியைத்தான் ஊரில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் என் பெயர் பலருக்குத் தெரியாது, ‘நர்சம்மா’ என்றால் தெரியும். நான் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போன காலத்தில் கைக்குழந்தையோடு நின்ற மருமகள்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்த ஆயாக்கள். யாருக்கு எந்தப் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனது, யாருக்கு அப்போதே மூட்டுவலி என்பதெல்லாம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் அவர்கள் ஒவ்வொருவராக நடையை நிறுத்திக் கட்டிலுக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டிலுக்கு அனுப்புவது பெரும்பாலும் நோய் இல்லை. நம் பாசம்தான். “நீ ஏம்மா இதெல்லாம் செய்யுற, சும்மா உட்காரு” என்று மகன் சொல்வான். மருமகள் கையிலிருந்து விளக்குமாற்றைப் பிடுங்குவாள். “வயசான காலத்துல இவங்களப் போயி வேலை வாங்குறாங்க பாரு” என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். சொல்வதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் அறுபது வருடம் உழைத்த உடம்பை ஒரே நாளில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

எங்கள் ஊரில் ஓர் ஆயா. எழுபதைத் தாண்டியவர். நாற்று நடவு, களை, மல்லாட்டை ஆய்வது எல்லாம் செய்து ஓய்ந்து, கடைசிக் காலத்தில் நாலைந்து ஆடு வைத்திருந்தார். காலையில் தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு. வேலியோரமாக ஆடுகளை ஓட்டிப்போவார். தழை ஒடித்துப் போட அண்ணாந்து கையை நீட்டுவார், காய் பொறுக்கக் குனிவார், தப்பிப்போன குட்டியைத் தேடி வாய்க்கால் வரப்பில் ஏறி இறங்குவார். எந்த ஆடு சினை, எதற்குக் கழிச்சல், உளுந்தூர்பேட்டை புதன் சந்தையில் இந்த வாரம் கிடா என்ன விலை என்று விரல் விட்டுக் கணக்குப் போடுவார். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தார். அம்மா வெயிலில் அலைவது அவருக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு, நல்ல கட்டில் ஒன்றும் டிவி ஒன்றும் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பொங்கல் வருவதற்குள் ஆயா கட்டிலை விட்டு இறங்குவதே அரிதாகிவிட்டது. சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டார். பேரன் பெயரை மாற்றிக் கூப்பிட்டார். “ஆயாவுக்குப் புத்தி மாறிப்போச்சு நர்சம்மா” என்று மருமகள் அழுதாள். போய்ப் பார்த்தேன். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. காதருகே குனிந்து சொன்னால் பதில் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை. மூன்று விரலைக் காட்டினால் எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை. அது மறதி இல்லை, விரல் தெரியவில்லை. எழுந்து நிற்கச் சொன்னேன். கட்டில் சட்டத்தைப் பிடித்து, மருமகள் தோளைப் பிடித்து, நின்றதும் முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. தொரட்டியோடு நடந்த அதே கால்.

கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆனது. காதில் இறுகிக் கிடந்த அழுக்கை டாக்டர் எடுத்தார். மருமகள் அறிவுள்ள பெண். மாமியாருக்கு இரண்டு குட்டி வாங்கி வாசலில் கட்டினாள். ஆயா பழையபடி ஆகிவிட்டார் என்று கதை சொல்ல நான் வரவில்லை. மறதி முழுவதும் போகவில்லை, தூரம் நடக்கவும் முடியவில்லை. ஆனால் காலையில் குட்டிக்குத் தண்ணி காட்ட எழுந்துவிடுகிறார். வேலி வரை போய்த் தழை கொண்டுவருகிறார். அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுக்கிறார். கட்டிலில் கழிந்த அந்தக் காலத்தில் இழந்ததில் பாதிகூடத் திரும்பவில்லை என்பதும் உண்மை.

இதற்கு மருத்துவத்தில் தெளிவான விளக்கம் இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. எந்த நோயும் இல்லாத, சராசரியாக 67 வயது முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்துபோனது. திடமாக இருந்தவர்களுக்கே பத்து நாளில் இப்படி என்றால், காய்ச்சலுக்குப் படுத்து, பிறகு “உடம்பு தேறட்டும், எழுந்திருக்காதே” என்று மாதக்கணக்கில் படுக்க வைக்கப்படும் நம் ஆயாவின் காலில் என்ன மிச்சம் இருக்கும்? இடுப்பு எலும்பு முறிந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், நாட்டுக்கட்டு போட்டு மூன்று மாதம் அசையாமல் கிடத்தும் வழக்கம் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறது. எலும்பு கூடும் முன்பே முதுகில் புண் வந்துவிடுகிறது. கூடிய வரை சீக்கிரம் அறுவை செய்து, கூடிய வரை சீக்கிரம் எழுப்பி நிற்க வைப்பதுதான் இன்றைய வைத்தியம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கும் குடும்பங்கள்கூடத் தயங்குகின்றன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நிலம் இல்லாத வீட்டு முதியவர்களுக்கு ‘சுறுசுறுப்பாக இருங்கள்’ என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. அறுபத்தைந்து வயதில் கரும்புக் கட்டு சுமப்பவருக்கும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்கு மினி லாரியில் நின்றுகொண்டே போகும் அம்மாவுக்கும் உடற்பயிற்சி வகுப்பு தேவை இல்லை. கூலியும் ஓய்வும் தேவை. அவர்களுடைய ஆபத்து வேறு மாதிரி. உடம்பு உடையும் மட்டும் உழைப்பு, உடைந்த மறுநாளிலிருந்து கட்டில். நடுவில் ஒன்றுமே இல்லை. கனத்த வேலையிலிருந்து இலகுவான வேலைக்கு இறங்க ஒரு படிக்கட்டு நம் கிராமங்களில் இல்லை.

அந்தப் படிக்கட்டு ஒரு முறை வந்தது. 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் நூறு நாள் வேலைத் திட்டம் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து எடுக்கப்பட்ட 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019-ல்தான். அப்போது நாங்களும் விழுப்புரம். ஆகவே முதல் நாளிலிருந்தே ஏரிக்கரையில் எங்கள் ஆயாக்கள் இருந்தார்கள். ‘வேலையே செய்யாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று அவர்களைப் பேசாத பேச்சு இல்லை. நான் பார்த்தது வேறு. காலையில் ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியில் கூழை ஊற்றிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பேர் கொடுக்க வேண்டும், மண்வெட்டி பிடிக்க வேண்டும், தண்ணீர் குடம் எடுத்துப்போக வேண்டும், வேலைக்கு வந்த பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மதியம் வரை பேச்சு, சிரிப்பு, சண்டை. அங்கே ஒருத்தி வரவில்லை என்றால் மாலையில் அவள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். வேலை நாட்கள் குறையக் குறைய அந்த வயதுப் பெண்கள் எத்தனை பேர் வீட்டுக்குள் அடங்கினார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. திட்டத்துக்கு எந்தப் பெயர் வைத்தாலும், விதிகளை எப்படி மாற்றினாலும், அறுபதைத் தாண்டியவர்களுக்கான இலகு வேலை அதற்குள் தனியாக எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாற்றங்கால், மரக்கன்றுக்குத் தண்ணீர், பள்ளிக்கூடக் காய்கறித் தோட்டம், குழந்தை பார்ப்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை.

கல்வராயன் மலைப் பக்கம் போனால் இந்தப் படிக்கட்டு இயல்பாகவே இருப்பதைப் பார்க்கலாம். மலை ஊர்களில் வயதான பெண்கள் சரிவில் ஏறி இறங்குகிறார்கள், கடுக்காய் பொறுக்குகிறார்கள், புளி உடைக்கிறார்கள், சாமையைப் புடைக்கிறார்கள். ஓய்வு என்று ஒரு நாளில் முத்திரை குத்தி அவர்களை உட்கார வைக்கும் வழக்கம் அங்கே குறைவு. வறுமையும் ஆஸ்பத்திரித் தொலைவும் அவர்களை வாட்டுகின்றன. அதை மறைத்து மலை வாழ்க்கையைப் புகழ நான் விரும்பவில்லை. ஆனால் வெள்ளிமலைப் பக்கத்துப் பாட்டியிடம் இளையவர்கள் இன்னும் போய் ‘இந்த இலை எதற்கு’ என்று கேட்கிறார்கள். கீழ்நாட்டில் எங்கள் பாட்டியிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கேட்காமல் விடுவதும் மூளையைப் பாதிக்கும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொன்னது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். 2024-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் குழு, இந்த நோயோடு தொடர்புள்ள, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலக அளவில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்றது. அந்தப் பட்டியலை என் பழைய வீட்டுப் பதிவேட்டோடு மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். சின்ன வயதில் படிக்காதது, காது கேளாமை, பார்வைக் குறை, பிபி, சுகர், அசையாமல் இருப்பது, மனச்சோர்வு, தனிமை: எங்கள் ஊர் ஆயாக்களில் இவற்றில் நாலைந்து இல்லாதவர் அபூர்வம்.

பிபியையும் சுகரையும் தன்னார்வலர் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். கண்ணுக்கும் ஓரளவு வழி இருக்கிறது. 1976-ல் மதுரையில் வெறும் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதைச் செய்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு. இன்றைக்குப் புதுச்சேரியிலும் அவர்கள் மருத்துவமனை இருக்கிறது. கண் முகாம் என்றால் எங்கள் கிராமங்களுக்குப் பழகிப்போன ஒன்று. புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததை அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 3,000-க்கும் அதிகமான முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் காட்டியது. “இந்த வயசுல எனக்கு எதுக்குக் கண்ணு” என்று சொல்லும் தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கைவிடப்பட்டது காதுதான். காது கேட்காத முதியவர் வீட்டில் முதலில் கேலிக்கு ஆளாகிறார், பிறகு அவரிடம் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள். கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னால் ‘மூளை மழுங்கிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2017 முதல் ஒன்றிய அரசின் வயோஸ்ரீ திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்குக் கைத்தடி, மூக்குக்கண்ணாடி, பல்செட்டோடு காதுக்கருவியும் கொடுக்கிறார்கள். கொடுத்த கருவி டப்பாவோடு பீரோவில் கிடப்பதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். போட்டதும் இரைச்சல் கேட்கிறது, பேட்டரி தீர்ந்தால் எங்கே வாங்குவது என்று தெரியவில்லை. கருவியைக் கொடுப்பவர் ஒரு மாதம் கழித்து வந்து, அது காதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் முகாம்போலக் காது முகாமும் ஊருக்குள் வரவேண்டும். மறதி என்றதும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல், ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றைப் பார்த்துவிடுங்கள். இவற்றில் பலவற்றுக்கு மாத்திரை இருக்கிறது.

படிப்பு விஷயத்தில் காலம் கடந்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை. 1990-களின் அறிவொளி இயக்கத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் ‘பட்டா’, ‘படி’ என்று கூட்டிப் படித்த பெண்கள் இன்றைக்கும் பஸ் போர்டைத் தாங்களே படிக்கிறார்கள். அப்போது விட்டுப்போனவர்களுக்கு இப்போது ‘புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்’ இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பாட்டிக்குப் பத்து நிமிஷம் எழுத்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் லாபம்.

அதேபோல் பாட்டியிடம் இருப்பதையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் தெருக்கூத்து மண். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிக்கும் நாட்களில், இரவு முழுக்கக் கூத்துப் பார்த்துவிட்டு, எந்த வேஷக்காரர் எந்த அடியை விழுங்கினார் என்று காலையில் பிசகாமல் சொல்லும் தாத்தாக்களை இன்றும் காட்ட முடியும். கூவாகத்துக் கூத்தாண்டவர் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லத் தெரிந்த ஆயாக்கள் இருக்கிறார்கள். தாயக்கட்டையை உருட்டியதும் நாலு காய்க்கும் நகர்வைக் கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். பல்லாங்குழியில் எந்தக் குழியை எடுத்தால் எங்கே போய் நிற்கும் என்று புளியங்கொட்டையைத் தொடுவதற்கு முன்பே தெரியும். ஆடுபுலி ஆட்டத்தில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் அரை மணி நேரம் மூச்சுவிட மறந்து யோசிப்பார்கள். மூளைக்குப் பயிற்சி என்று ஆப் விற்கும் காலத்தில், இதெல்லாம் கரித்துண்டால் கோடு கிழித்தால் கிடைத்துவிடுகிறது. எதிரே உட்கார ஓர் ஆள்தான் வேண்டும்.

ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, நாலு பேர் வாதம் செய்வது அவர்களைக் காப்பாற்றுகிறது. மனைவியை இழந்த ஆண்தான் சட்டென்று பேச்சற்றுப் போகிறார், சிலர் குடியில் விழுகிறார்கள். அவர்களைத் தேடிப்போய் அழைத்துவர ஆள் வேண்டும்.

பெண்களுக்கு அந்தத் திறப்பைக் கொடுத்தது கட்டணமில்லாப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போகலாம் என்றானதும், திருக்கோவிலூருக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் கிளம்பும் வயதான பெண்கள் கூடியதை நான் நேரில் பார்த்தேன். மகள் வீடு, கோயில், ஆஸ்பத்திரி, சும்மா சந்தையைப் பார்த்துவர என்று போகிறார்கள். மகனிடம் கை நீட்டாமல் ஊருக்குப் போவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்தப் பஸ்ஸின் முதல் படி முழங்காலுக்கு மேலே இருக்கிறது. மூட்டுவலிக்காரர் கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலை இழுத்துக்கொள்வதற்குள் விசில் அடித்துவிடுகிறார்கள். ஓட்டுநரும் நடத்துநரும் அரை நிமிஷம் பொறுத்தால் போதும். சென்னையில் 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன் இலவசம். அதை எங்கள் டவுன் பஸ்ஸுக்கும் நீட்டிக்கக் கூடாதா?

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011-ல் 10.4 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாகும் என்பது அரசின் கணிப்பு. முதியோர் மருத்துவத்தில் வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்று துறையை உருவாக்கிய டாக்டர் வ. செ. நடராஜனுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், முதியவர்கள் பகலில் வந்து கூடியிருக்க 25 ‘அன்புச் சோலை’ மையங்களை 10 கோடி ரூபாயில் அறிவித்தார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கிண்டி எங்களுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அன்புச் சோலை பெரிய நகரங்களுக்கானது. எலவனாசூர்கோட்டை ஆயாவுக்குப் புதுக் கட்டடம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, தேவையும் இல்லை.

ஏற்கெனவே இருப்பதைத் திறந்துவிட்டால் போதும். 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், பிறகு முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களும் சேர்க்கப்பட்டார்கள். மதியம் தட்டோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன தாத்தாக்களை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த உரிமையை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். அதை மரியாதையோடு திரும்ப அழைக்கலாம். மதிய உணவுக்கு வரும் முதியவர் அரை மணி நேரம் முன்னதாக வந்து, பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லட்டும்.

மாத்திரை விஷயத்திலும் ஒரு சின்ன மாற்றம் கேட்கிறேன். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டில் கொடுங்கள். நடக்க முடிந்தவர்களை மாதத்தில் ஒரு காலை சப் சென்டருக்கு வரச்சொல்லுங்கள். பிபி பார்த்த பிறகு மாத்திரையை நீட்டுவதோடு முடித்துவிடாமல், ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். அந்த நாளில் அவர் அங்கே வரட்டும்.

என்ன செய்ய வைக்க வேண்டும் என்று பெரிய ஆராய்ச்சி தேவை இல்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு சற்று வாங்கும்படி நடப்பது, மூன்று நாளாவது தசைக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி என்பது 65 வயதைத் தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வழிமுறை. நடையை எல்லோரும் சொல்கிறார்கள், அடுத்ததை யாரும் சொல்வதில்லை. கை இல்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் நாலு முறைகூட முடியாது, பரவாயில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். குதிகாலும் பெருவிரலும் ஒட்டினாற்போல் நேர்கோட்டில் பத்து எட்டு நடக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் கை கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். கழிப்பறைக்கு எழுந்து போய்வரும் வலு தொடையில் இருந்தால்தான் ஒருவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியும். நான் பார்த்த முதியவர்கள் சாவுக்கு அஞ்சியதைவிட, மற்றவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கே அதிகம் அஞ்சினார்கள்.

உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிபி கண்காணிப்பு இவற்றை ஒன்றாகச் சேர்த்து 60 முதல் 77 வயதுவரையிலான 1,260 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டு செய்துபார்த்த பின்லாந்து ஆய்வு 2015-ல் வெளியானது. சேர்த்துச் செய்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட மேலாக இருந்தது. நான் கேட்கும் அந்த ஒரு காலைப் பொழுதில் இந்த நாலுக்கும் இடமிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கனமான வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லா வேலையையும் வாங்கிவிடாதீர்கள். மல்லாட்டை உரிப்பது, கீரை ஆய்வது, கோழிக்குத் தீனி, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவது, பால் சொசைட்டிக் கணக்கு என்று அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் காரியம் ஒன்றாவது அவர் பொறுப்பில் இருக்கட்டும். நேரம் பிடிக்கும், சிந்தும், சிதறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். மறுநாள் காந்தி ஜெயந்தி, ஊருக்கு ஊர் கிராமசபை. ஒவ்வொரு ஊராட்சியிலும் அன்றைக்கு முதியவர்களே எழுந்து கேட்க வேண்டியவை இருக்கின்றன: சப் சென்டர் படியில் கைப்பிடி, பஸ் நிறுத்தத்தில் நிழலும் உட்கார ஒரு பெஞ்சும், இலகு வேலைக்கு ஒரு பட்டியல், காது முகாமுக்கு ஒரு தேதி, மதிய உணவுக்கு ஓர் அழைப்பு. தீர்மானமாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ஊராட்சி செயலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்தை வெயில் ஏறும் முன் வையுங்கள். தரையில் பாய் விரிப்பதோடு நிற்காமல் நாற்காலியும் போடுங்கள். காது மந்தமானவர்களை மைக்குக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார வையுங்கள். முதல் நாளே தெருவுக்குத் தெரு அறிவிப்புச் செய்யும்போது, வயதானவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.